பழைய ஜீப் வாங்கிச் சீரமைக்க முழு வழிகாட்டி: காகிதம், சேஸிஸ், அப்புறம்தான் எஞ்சின்

ராயபுரத்தில் ஒரு டிங்கர் மேஸ்திரியிடம் என் முதல் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் சாவியைக்கூடக் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, பக்கவாட்டுத் தகட்டில் வைத்தார். காந்தம் நழுவிக் கீழே விழுந்தது. இன்னும் நாலு இடத்தில் வைத்தார். மூன்றில் விழுந்தது. "நீ ஜீப்பு வாங்கல தம்பி, பட்டி வாங்கினு வந்துகிற" என்றார்.

வெளியே புது பெயின்ட், புது சீட், புது டயர். உள்ளே விரல் கனத்துக்குப் பட்டி, அதாவது தகட்டின் ஓட்டையையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசுகிற, காந்தம் ஒட்டாத பூச்சு. பளபளப்புக்குக் கொடுத்த காசை முழுக்கச் சுரண்டி எடுத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. அன்று தெரியாமல் போனதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாதவர், முதல் முறையாக ஒரு பழைய ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கர இழுவை) வண்டி வாங்கிச் சரிசெய்ய ஆசைப்பட்டால் அவருக்கு இது உதவும்.

நம் வடசென்னைப் பக்கத்தின் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று 1950களிலிருந்தே வண்டி செய்த ஊர் இது. மணலிக்கும் துறைமுகத்துக்கும் ஓடுகிற லாரிகளை நம்பி லேத், டீசல் பம்ப் சர்வீஸ், பட்டை (வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு) அடிக்கிற இடம், ரேடியேட்டர் கடை எல்லாம் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அதனால் இங்கே எஞ்சின் கெட்டுப்போனால் தீர்வு இருக்கிறது. ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் வீசுகிற உப்புக்காற்று இரும்பை விடாது. எஞ்சின் நன்றாக இருந்து சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) அரித்துப்போன வண்டியை விட, எஞ்சின் செத்து சேஸிஸ் கெட்டியாக இருக்கிற வண்டி நமக்கு லாபம்.

எந்த வண்டி?

ஜீப் என்று பொதுவாகச் சொன்னாலும் சந்தையில் கிடைப்பவை நாலைந்து வகை.

உயரமான பானெட் வைத்த பழைய சிஜே3பி வகை எல்லோருக்கும் பிடித்தது. அந்த உயரத்துக்கு ஒரு காரணம் உண்டு. வில்லிஸ் நிறுவனம் புதிதாகக் கொண்டுவந்த ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினில் உள்ளே இழுக்கும் வால்வு மேலேயும், புகை வெளியேறும் வால்வு பக்கவாட்டிலும் இருந்தன. எஞ்சின் உயரமாகிவிட்டதால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. பார்க்க அழகு. ஆனால் பெட்ரோலை நன்றாகக் குடிக்கும், மூன்று கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) கிடையாது, அசல் பாகங்களைத் தேடி அலைய வேண்டும். முதல் வண்டியாக இதை எடுக்காதீர்கள். இரண்டாவது வண்டியாக எடுங்கள்.

மஹிந்திராவின் எம்எம்540 இன்னொன்று. இதில் பெரும்பாலும் பியூஜோ வழி வந்த 2112 சிசி டீசல் எஞ்சின் இருக்கும். எலெக்ட்ரானிக் சமாச்சாரம் எதுவும் இல்லை. டீசலும் காற்றும் உள்ளே போனால் ஓடும். கமாண்டர், மேஜர் வண்டிகளில் 2523 சிசி டி.ஐ. (டீசலை நேரடியாகப் பீய்ச்சும்) எஞ்சின் வந்தவை நிறைய உண்டு. சத்தம் அதிகம், முரட்டு எஞ்சின், பாகம் எங்கும் கிடைக்கும். புதியவருக்கு என் முதல் பரிந்துரை எம்எம்540 அல்லது மேஜர்தான்.

மாருதி ஜிப்ஸி 1985 முதல் வந்தது. முதலில் 970 சிசி, 1996இல் ஜிப்ஸி கிங் என்று 1.3 லிட்டர், 2000இல் அதற்கு எம்.பி.எஃப்.ஐ., அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. எடை குறைவு, மணலில் நன்றாகப் போகும், பெட்ரோல் எஞ்சின் அமைதியானது. குறை என்னவென்றால் தகடு மெல்லிசு. நம் கடற்கரைக் காற்றில் ஜிப்ஸியின் தரைத்தகடு ஜீப்பின் தரைத்தகட்டுக்கு முன்னால் போய்விடும். மாதவரம், புழல் பக்கம் கடலை விட்டுத் தள்ளி வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். 2010இல் வந்த மஹிந்திராவின் பழைய தார் சி.ஆர்.டி.இ. நல்ல வண்டிதான். ஆனால் அதில் சென்சாரும் கணினிப் பெட்டியும் உண்டு. சீரமைக்கக் கற்றுக்கொள்ள அது சரிப்படாது.

ஜீப் போலத் தெரிகிற எல்லாமே நான்கு சக்கர இழுவை வண்டி அல்ல. மேஜரிலும் கமாண்டரிலும் பின் இழுவை மட்டும் உள்ளவை ஏராளம். குனிந்து பாருங்கள். முன் ஆக்சிலில் குடம்போல ஒரு டிஃபரன்ஷியல் இருக்க வேண்டும். உள்ளே கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்க வேண்டும். "மாத்திக்கலாம் சார், ஈஸிதான்" என்று விற்பவர் சொன்னால், மாற்றிக் கொடுத்துவிட்டு விற்கச் சொல்லுங்கள்.

இடமும் பணமும்

வண்டி தேடுவதற்கு முன் அதை எங்கே நிறுத்துவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைச் சந்துகளில் ஒரு ஜீப்பை வருடக்கணக்கில் பிரித்துப் போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் முதல் மாதம் ஆர்வமாக வந்து பார்ப்பார், மூன்றாம் மாதம் கவுன்சிலரிடம் போவார். மாதவரம், புழல், செங்குன்றம் பக்கம் கூரை போட்ட சின்ன ஷெட் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே நல்லது. மேலே கூரை, கீழே சிமென்ட் தரை, ஒரு பிளக் பாயின்ட் போதும். மண் தரையில் ஜாக்கி வைப்பது உயிரோடு விளையாடுவது.

பணத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. கையில் நாலு லட்சம் இருந்தால் வண்டிக்கு இரண்டுக்கு மேல் போடாதீர்கள். மீதியில் ஒன்றரை வேலைக்கு, அரை லட்சம் யாரும் எதிர்பாராததற்கு. அந்த அரை லட்சம் எனக்கு ஒரு முறைகூட மிஞ்சியதில்லை.

காகிதம்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஆர்.சி. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் போக வேண்டாம். வண்டி எண்ணை அரசின் பரிவாகன் தளத்தில் அல்லது எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு எந்தத் தேதி வரை செல்லும், உரிமையாளர் எத்தனையாவது ஆள், வண்டி மேல் கடன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும். நிலுவையில் இருக்கிற அபராதங்களையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தக ஆர்.சி. காலத்து வண்டிகள் சில கணினியில் ஏறியே இருக்காது. அப்படியானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்ற வேண்டும். முதலில் விற்பவர் அதை முடித்துத் தரட்டும்.

தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் முன்புபோல இல்லை. 15 ஆண்டு தாண்டிய நான்கு சக்கர வண்டிக்கு 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் விட்ட காலத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று 2022இன் கட்டண அட்டவணையில் இருக்கிறது. எட்டு வருடம் தூங்கிய வண்டி என்றால் 96 மாதம், 48,000 ரூபாய். "பேப்பர் மட்டும் கொஞ்சம் லேப்ஸ் ஆயிருக்கு" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அந்தக் 'கொஞ்சம்' எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, விலையில் கழியுங்கள்.

பழைய ஜீப்புகளில் அடிக்கடி வருகிற சிக்கல், ஆர்.சி. இறந்துபோனவர் பெயரில் இருப்பது. அப்பா ஓட்டினார், மகன் விற்கிறார். மகன் முதலில் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் படிவம் 29, 30இல் உங்கள் பெயருக்கு வரும். "செத்தவரோட கையெழுத்து என்கிட்ட இருக்கு" என்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓடிவிடுங்கள். கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35, கூடவே கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதம். வேறு ஆர்.டி.ஓ. எல்லையிலிருந்து வருகிறது என்றால் படிவம் 28இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று).

வட இந்திய வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசலுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலுக்கும் வந்த தடைக்குப் பிறகு அங்கிருந்து வண்டிகள் மலிவாகத் தெற்கே இறங்கின. கடல் காற்று படாத இரும்பு, உண்மைதான். ஆனால் இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால் மலிவு பாதி கரைந்துவிடும். ஹரியானாவின் டப்வாலி என்ற ஊர் புது பாடி கட்டிய ஜீப்புகளுக்குப் பேர்போனது. கைவேலை நன்றாகவே இருக்கும். புது பாடிக்குக் கீழே இருக்கும் சேஸிஸ் எந்த வண்டியுடையது, ஆர்.சி.யில் எழுதியிருப்பது எது என்பதுதான் கேள்வி. 1980களின் ஆர்.சி.யோடு, நேற்று வெட்டி ஒட்டிய சேஸிஸ் வந்து நின்றால் நம்மூர் ஆய்வாளர் முன்னால் தலைகுனிந்து நிற்பது நீங்கள்தான்.

ராணுவ ஏல வண்டி என்று சொன்னால் ஏல ஆவணம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஏலத்தில் எடுத்தவர் பெயருக்கு மாற்றப் படிவம் 32 உண்டு. வண்டியாக விற்றார்களா, பழைய இரும்பாக விற்றார்களா என்பதும் அதில் இருக்கும். இரும்பாக விற்றதை ரோட்டில் ஓட்ட முடியாது.

சேஸிஸ் எண் எங்கே குத்தியிருக்கிறது என்று விற்பவரையே காட்டச் சொல்லுங்கள். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் தடம் இருந்தாலோ, எண் இருக்கிற துண்டு மட்டும் வெல்டிங் பண்ணி ஒட்டியிருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் அதற்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும்.

50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021இல் வின்டேஜ் விதிகள் வந்தன. எண்ணில் 'வி.ஏ.' என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அசல் நிலை பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும், அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. நம் திட்டத்துக்கு இது தேவைப்படாது.

பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். கூடவே எடுத்துப் போக வேண்டியவை: டார்ச், காந்தம், கைக்குட்டை, நீளமான பழைய ஸ்க்ரூ டிரைவர், டேப், விரித்துப் படுக்க ஒரு சாக்கு.

முதலில் படுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் பெயின்ட்தான் தெரியும். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் முன்னாலிருந்து பின்னால் வரை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று சொல்லும், அரித்த இரும்பு 'டொப்' என்று சொல்லும். சந்தேகமான இடத்தில் முனையால் குத்துங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அந்த இடத்தில் இன்னொரு முறை குத்துங்கள். குறிப்பாகப் பட்டைகள் தொங்குகிற ஹேங்கர் பகுதி, ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடம், குறுக்குச் சட்டம் சேருகிற மூலைகள், பின் பம்பருக்கு மேல் பகுதி. ஸ்டியரிங் பெட்டிப் பக்கம் மயிரிழை விரிசல் இருந்தால் அது நாள்பட்ட நோய். மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தால் அந்தத் தகடு எதை மறைக்கிறது என்று கேளுங்கள்.

அப்புறம் டேப். முன் இடது ஹேங்கரிலிருந்து பின் வலது ஹேங்கர் வரை ஒரு அளவு, முன் வலதிலிருந்து பின் இடது வரை ஒரு அளவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் வண்டி எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது.

எழுந்து வந்து பாடி. தரைப்பாயை முழுக்கத் தூக்குங்கள். ஓட்டுநர் காலடி, சீட்டுக்குக் கீழே, பின் சக்கர வளைவு, பாடி சேஸிஸோடு உட்காருகிற ரப்பர் மேடைகள். துருவே இல்லாத பழைய வண்டி கிடையாது. ஓட்டை விழுந்த தரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தரைத்தகடு வெட்டிப் போடுவது ஒரு டிங்கருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. பயப்பட வேண்டியது மூடிய துருவுக்கு. பெயின்ட் உப்பிக் கொப்புளம்போல இருந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் நம் பக்கத்து வண்டிகள் பல தண்ணீரில் நின்றன. டேஷ்போர்டுக்குள் டார்ச் அடித்து வயர்க் கட்டுகளில் காய்ந்த சேறு இருக்கிறதா பாருங்கள். மணலி, எண்ணூர் பக்கம் என்றால் அந்தச் சேற்றோடு எண்ணெய்க் கறையும் சேர்ந்திருக்கலாம்.

எஞ்சினுக்கு வருவோம். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். கறுப்பு பரவாயில்லை, பால் கலந்த காப்பி நிறம் கூடாது, அது ஆயிலில் தண்ணீர். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் புகைக்குழாய்ப் பக்கம் நில்லுங்கள். டீசலில் முதல் சில நொடிகள் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் சரி. நிற்காமல் வந்தால் நாசில் (டீசலைப் பீய்ச்சும் பாகம்) கோளாறு, கம்ப்ரஷன் குறைவு அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை என்றால் ஆயிலைக் குடிக்கிறது. ஏறும்போது மட்டும் கரும்புகை என்றால் பம்ப், நாசில், ஏர் ஃபில்டர் வேலை. அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே காட்டுங்கள். மெதுவாக மூச்சுப் படுவது இயல்பு. குப்குப் என்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, அந்த எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். விலையைக் குறைக்க அதைவிட நல்ல காரணம் இல்லை.

நான்கு சக்கர இழுவையைச் சோதிக்க ஒரு எளிய வழி. பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் பூட்டுங்கள். குட்டி லீவர் 2எச்சில் (பின் இழுவை மட்டும்) இருக்கும்போது சக்கரம் கையால் சுற்றும். 4எச்சுக்கு (நான்கு சக்கர இழுவை) தள்ளியதும் பாறைபோல நிற்க வேண்டும். அப்போதும் தாராளமாகச் சுற்றினால் உள்ளே எதுவோ இணையவில்லை. 4எல்லில் (மெதுவான, அதிக இழுவை கியர்) போட்டு மண் தரையில் மெல்ல நகர்த்தி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எடுத்து அழுத்துங்கள். லீவர் தானாக வெளியே குதித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனையைத் தார் ரோட்டில் செய்யாதீர்கள். முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டிகளில் கிடையாது. பிடிப்புள்ள ரோட்டில் திரும்பும்போது முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். எண்ணூர்க் கடற்கரை மணலும் வேண்டாம். ஜனவரியிலிருந்து ஆமைகள் முட்டையிட வருகிற கரை அது.

தூக்கிய சக்கரத்தை இறக்குவதற்கு முன், மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடக் என்றால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) அல்லது வீல் பேரிங். அம்பது வேகத்தில் ஸ்டியரிங் கையை உதறுகிற ஜீப்புகளுக்கு மூலகாரணம் பெரும்பாலும் இங்கேதான். டயரின் பக்கவாட்டுக் குறியீட்டில் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 1216 என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். பூ எவ்வளவு இருந்தாலும் அது கிழட்டு டயர்.

விலை

விலை பேசும்போது குறைகளைப் பட்டியலிட்டுத் திட்டாதீர்கள். தன் வண்டியைத் திட்டுகிறவருக்கு யாரும் விலை குறைக்க மாட்டார்கள். "டிங்கரிங்குக்கு இவ்வளவு, புதுப்பிக்க இவ்வளவு, என்கிட்ட மொத்தம் இவ்வளவுதான்ணா இருக்கு" என்று கணக்கை முன்னால் வையுங்கள். கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை அல்ல. முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் படிவங்களில் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு வாங்கியவருக்கு 30 நாள் இருக்கிறது. தள்ளிப் போடாதீர்கள், வண்டி பிரிந்து கிடக்கும்போது ஆர்.டி.ஓ.வுக்குக் கொண்டுபோக முடியாது.

பிரேக் சோதிக்காத வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் விரைவுச் சாலையில் வீரம் காட்டுகிற நாள் அதுவல்ல.

பிரிக்காதீர்கள்

புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு, வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் கழற்றிவிடுவது. நானும் செய்தேன். ஷெட் முழுக்கப் பெட்டிகள், எந்த நட்டு எந்த இடத்துக்கு என்று தெரியாத டப்பாக்கள். ஒரு வருடத்துக்கு மேல் வண்டி வண்டியாகவே இல்லை. ஓடுகிற வண்டியை ஓடவிட்டுக்கொண்டே, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் சரிசெய்யுங்கள். ஆர்வம் தாக்குப்பிடிக்க அது ஒன்றுதான் வழி. கழற்றுவதற்கு முன் நாலு கோணத்தில் படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைப் பால் பாக்கெட் கவரில் போட்டு எழுதி வையுங்கள்.

கருவி வாங்கும்போது ஒரு விஷயம். வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளில் ஆக்சில், பாடி, பட்டைப் பக்கம் பெரும்பாலும் இஞ்ச் போல்ட்டுகள். பியூஜோ எஞ்சினில் மில்லிமீட்டர். ஒரே வண்டிக்கு இரண்டு செட் ஸ்பேனர் வேண்டும். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் உட்காருவதுபோலத்தான் தெரியும், துருப்பிடித்த போல்ட்டில் அழுத்தினால் முனை மழுங்கிவிடும். ஜிப்ஸி முழுக்க மில்லிமீட்டர், அந்தத் தொல்லை இல்லை. பழைய ஜீப்புகள் சிலவற்றில் இடப்பக்க வீல் நட்டுகள் எதிர்மரை, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் மேலே ஏறி மிதித்து ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு. இறுகின நட்டுக்கு மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து முந்தின ராத்திரியே ஊற்றி வைத்தால் காலையில் சமாதானத்துக்கு வரும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், இரண்டு ஸ்டாண்டு கட்டாயம் வாங்குங்கள்.

வேலையின் வரிசை இப்படி. முதலில் பிரேக். பழைய ஜீப்புகளின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழி. எங்காவது ஒரு குழாய் விட்டால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் இரும்புக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றுங்கள், 'இது நல்லாத்தானே இருக்கு' என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி வாருங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துக் கவரில் கட்டிப் போடுங்கள்.

அடுத்தது ஸ்டியரிங்கும் கிங் பின்னும். பிறகு டீசல் டேங்க், குழாய், ஃபில்டர். பிறகு ரேடியேட்டர், தண்ணீர் ஹோஸ், பெல்ட். வயரிங்கைத் துண்டு துண்டாக ஒட்டுப் போடுவதைவிட முழு வயரிங் கிட் வாங்கி மாற்றுவது மலிவு. பாதி மின் கோளாறு எர்த் (பேட்டரியை வண்டியின் இரும்போடு சேர்க்கும் இணைப்பு) சரியில்லாததால் வருவது. பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து எஞ்சினுக்கும் புது எர்த் வயர் போட்டுவிட்டு அப்புறம் மற்றதைத் தேடுங்கள். இவ்வளவும் முடிந்ததும் இரண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா, டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்க வேண்டுமா என்று அப்போது வண்டியே சொல்லும்.

பாகங்களுக்குப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை இல்லாமல் ஆகாது. போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் சொல்லி வாங்கினால் இரண்டு முறை நடக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்காதீர்கள். கதவுக் கொக்கி, கண்ணாடிச் சட்டம், கியர்பாக்ஸ் கூடு, இதெல்லாம் பழசே மேல்.

துருவும் பெயின்ட்டும்

உப்புக்காற்று ஊரில் தகடு வேலைக்குக் காலம் பார்க்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். புரட்டாசிக்குள் பெயின்ட் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு அடுத்த கோடையில் உப்பும்.

துருவைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிந்ததும் அன்று மாலைக்குள் பிரைமர் விழ வேண்டும். திருவொற்றியூரில் ராத்திரி முழுக்க வெறும் தகட்டைத் திறந்து வைத்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அதனால் ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள். முதலில் எபாக்ஸி பிரைமர், மேலே தேவையான இடத்தில் மட்டும் மெல்லிசாகப் பட்டி. வெட்டி ஒட்டிய இடங்களில் பின்பக்கமும் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எந்த டிங்கரும் செய்ய மாட்டார். முன்பக்கம்தானே கண்ணுக்குத் தெரிகிறது! சேஸிஸின் மூடிய பகுதிகளுக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பான் அடிக்கலாம். தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவது வண்டியை ஆவியில் வேகவைப்பதுபோல, கூரைக்குக் கீழே காற்றாட நிற்கட்டும்.

வெல்டிங் என்றால் ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப்புகள் பலவற்றில் எண்ணெய் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழேயே இருக்கும். தரைத்தகடு வேலைக்கு முன் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள். 'காலி டேங்க்தானே' என்று நினைக்காதீர்கள், நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

நிறத்தில் எல்லோருக்கும் ஒரே ஆசை, ராணுவப் பச்சை. மத்திய மோட்டார் வாகன விதி 121 ஆலிவ் பச்சையை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. அடித்துவிட்டு எஃப்.சி.க்குப் போனால் மறுபடி அடிக்க வேண்டியதுதான். வேறு நிறம் அடித்தாலும் ஆர்.சி.யில் நிறம் மாற வேண்டும். முன்னால் பெரிய கிராஷ் கார்டு, சேஸிஸை உயர்த்துவது, பெரிய டயர் எல்லாவற்றையும் இந்த முதல் வண்டியில் தவிர்த்துவிடுங்கள்.

முதல் ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. மாதவரத்திலிருந்து செங்குன்றம் வரை, உள்சாலை வழியாக, நாற்பதைத் தாண்டாமல். பத்து கிலோமீட்டரில் நிறுத்தி நாலு டிரம் பக்கமும் புறங்கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். தண்ணீர், ஆயில், ஒரு ஃபேன் பெல்ட், ஒரு அடி வயர், கட்டுக்கம்பி கூட இருக்கட்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து வண்டிக்கு அடியில் முழு நீளத்துக்கும் விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையில் எங்கெங்கே சொட்டு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். முன்னால் கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். நடுவில் கெட்டியாக, மூக்கைத் துளைக்கிற கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். சக்கரத்துக்கு உள்பக்கம் தெளிந்த நீர்போல, வழவழப்பாக இருந்தால் பிரேக் ஆயில், அன்று வண்டியை எடுக்காதீர்கள். சொட்டு விழுந்த இடங்களைப் பேனாவால் வட்டமிட்டுத் தேதி எழுதி அட்டையை ஷெட் சுவரில் மாட்டிவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை எங்கே தொடங்குகிறது என்று அதில் இருக்கும்.